ஆகஸ்ட் முழுக்க வியர்வை, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை: அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் டீம் முதல் ஹோம் மேட்ச்சுக்கு எப்படித் தயாராகிறது?

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரில் இருக்கும் சின்ன ஊர் பூன். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19 ஆயிரத்துச் சொச்சம். அன்று மதியம் தொடங்கிய ஒரு மேட்ச்சுக்காக அந்த ஊர் ஸ்டேடியத்தில் கூடியவர்கள் 40,168 பேர். ஸ்டேடியத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவே 30 ஆயிரம்தான். ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் பாதி கூட்டம்தான் தேறும். மிச்சப் பேர் மலைப்பாதையில் வண்டி ஓட்டி வந்தவர்கள்.

இத்தனைக்கும் மைதானத்தில் இறங்கியது தொழில்முறை அணிகள் கிடையாது. காலேஜ் பசங்க. அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அந்த சீசனின் முதல் மேட்ச், அதுவும் சொந்த ஊரில். எதிரணி, அதே மாநிலத்தின் பெரிய அண்ணன் வடக்கு கரோலினா பல்கலைக்கழகம்.

ஒரு கல்லூரி டீமின் முதல் மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அதற்கு முந்தைய நாலு வாரத்தில் அந்தப் பசங்க என்ன செய்கிறார்கள்? இதில் பணம் எங்கே, ஆபத்து எங்கே?

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பிறகு போனஸாக ஒரு வாய்ப்பு உண்டு. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 1 புள்ளி. அது வேண்டாம், 3 கெஜம் தள்ளியிருந்து இன்னொரு முறை கோட்டைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று துணிந்தால் 2 புள்ளி. இந்த 1-ஆ 2-ஆ சமாச்சாரத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒத்திகையே இல்லாத அரங்கேற்றம்

தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளுக்கு சீசனுக்கு முன்னால் பயிற்சி ஆட்டங்கள் உண்டு. அதில் தோற்றாலும் கணக்கில் வராது. புதுப் பையன்களை இறக்கிப் பார்க்கலாம், தப்பு செய்ய விடலாம். காலேஜ் டீமுக்கு அந்த வசதி கிடையாது. வேறு ஒரு அணியோடு மோதும் முதல் நாளே கணக்கில் வரும் நாள். சீசன் முழுக்க 12 மேட்ச்தான் என்பதால் ஒரு தோல்விகூட ஆண்டு முழுவதும் துரத்தும்.

அதனால்தான் ஆகஸ்ட் மாதம் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். ஆகஸ்ட் தொடக்கத்தில், மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன்பே, ஃபுட்பால் டீம் கேம்பஸுக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட 25 பயிற்சி நாட்கள். காலையில் மீட்டிங், வீடியோ, மைதானம், உடற்பயிற்சிக் கூடம், மறுபடி வீடியோ. செமஸ்டர் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டுக்கு என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. வகுப்புகள் தொடங்கும் வரை அந்த உச்சவரம்பு கிடையாது. ஆகவே மொத்த சுமையும் ஆகஸ்டின் தலையில்.

இந்த நாட்களில் நடப்பது வெறும் உடற்பயிற்சி என்று நினைத்தால் தப்பு. பாதி நேரம் பாடம் படிப்பதுபோலத்தான். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பிளேபுக் உண்டு. எந்த சமிக்ஞைக்கு யார் எங்கே ஓட வேண்டும், யாரைத் தடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருப்பார்கள். 11 பேரில் ஒருத்தர் மறந்தாலும் மொத்தத் திட்டமும் அவுட். போதாக்குறைக்கு, அப்போதெல்லாம் கோச்சிடமிருந்து வீரரின் ஹெல்மெட்டுக்குள் பேசும் ரேடியோ கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. உயர்நிலை கல்லூரி அணிகளுக்கு அது அனுமதிக்கப்பட்டதே 2024-ல்தான். அதுவரை ஓரத்தில் நின்று கைஜாடை, படம் ஒட்டிய அட்டைகள். எதிரணிக்கு ஜாடை புரிந்துவிடக் கூடாது என்று ஒருவர் நிஜ ஜாடை காட்ட, பக்கத்தில் இரண்டு பேர் சும்மா ஜாடை காட்டுவார்கள்!

இன்னொரு சிக்கல், டீமில் பாதி முகங்கள் புதுசு. 2021 முதல் ஒரு மாணவர் ஒரு முறை கல்லூரி மாறினால், ஒரு வருடம் வெளியே உட்காராமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. அதற்குப் பிறகு கல்லூரி மாறுவது வேலை மாறுவதுபோல சகஜமாகிவிட்டது. பூன் டீமின் குவார்ட்டர்பேக் சேஸ் பிரைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அணியின் மூளை அவர். கிளெம்சனில் தொடங்கி, டியூக் போய், பிறகு அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு வந்தவர். மூன்று ஊர், மூன்று பிளேபுக்.

யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு கூட்டமும் டீமில் உண்டு. ஸ்கவுட் டீம். மேட்ச்சில் இறங்க வாய்ப்பில்லாத ஜூனியர்கள், ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்காகச் சேர்ந்தவர்கள். இவர்களுடைய வேலை, வரப்போகும் எதிரணியாக நடிப்பது. எதிரணி எப்படி ஓடுமோ அப்படி ஓடி, எப்படி இடிக்குமோ அப்படி இடித்து, முதன்மை வீரர்களிடம் தினமும் அடி வாங்க வேண்டும். சனிக்கிழமை டிவியில் அவர்கள் முகம் தெரியாது. 2018 முதல் ஒரு சின்ன ஆறுதல்: நாலு மேட்ச் வரை ஆடினாலும், அந்த ஆண்டு அவர்களுடைய தகுதிக் கணக்கில் கழியாது.

முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும், ஏன்?

ஆகஸ்ட் கேம்ப்பின் முதல் நாட்களைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். வீரர்கள் ஹெல்மெட் மட்டும் மாட்டியிருப்பார்கள். சில நாள் கழித்துத் தோள் கவசம். அதற்கும் பிறகுதான் முழுக் கவசம். உடம்பு வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதற்கான கட்டாய ஏற்பாடு அது. 2021-ல் இந்தப் பழக்கப்படுத்தும் காலம் 5 நாளிலிருந்து 7 நாளாக உயர்ந்தது. ஒரே நாளில் காலை, மாலை என்று இரண்டு முறை மோதல் பயிற்சி வைக்கும் பழைய வழக்கத்துக்கு 2017-லேயே தடை வந்துவிட்டது.

தலைக்காயம் இதில் இன்னொரு காரணம். 2015 முதல் 2019 வரை ஆறு பல்கலைக்கழக அணிகளைச் சேர்ந்த 658 வீரர்களின் ஹெல்மெட்டில் சென்சார் பொருத்தி ஓர் ஆய்வு நடந்தது. முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. மூளை அதிர்ச்சிக் காயங்களில் 72 சதவீதம் மேட்ச்சில் ஏற்படவில்லை, பயிற்சியில் ஏற்பட்டிருந்தது. சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம் மொத்த நாட்களில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் கிட்டத்தட்ட பாதிக் காயங்கள் அங்கேதான். சும்மா சொல்லவில்லை, எதிரணியே இல்லாத இடத்தில், சொந்த டீம் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டதில் வந்த கணக்கு இது. அந்த ஆய்வு வெளியான சில மாதங்களில் விதி மாறியது. முழுக் கவசத்தோடு நடத்தும் பயிற்சிகள் 21-லிருந்து 9 ஆகக் குறைந்தன. முழுநீள மோதல் ஒத்திகை அதிகபட்சம் இரண்டு.

ஆனால் விதியெல்லாம் யாரோ விலை கொடுத்த பிறகுதான் கண்டிப்பாகிறது. அந்தப் பெயர்களில் ஒன்று ஜோர்டன் மெக்நேர்.

மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியின் வீரர். வயது 19. முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆஜானுபாகுவான பையன். 2018 மே 29 அன்று அணியின் பயிற்சியில் 110 கெஜ தூரத்தைப் பத்து முறை ஓட வேண்டியிருந்தது. ஓட்டத்தின் இடையே அவருக்கு முடியாமல் போனது. வெப்பத் தாக்கு. அறிகுறி தொடங்கியதிலிருந்து அவசர எண் 911-ஐ அழைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது என்று பிறகு நடந்த விசாரணை அறிக்கை சொன்னது. மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஜூன் 13 அன்று அவர் இறந்துபோனார்.

இதில் மனதை அறுக்கும் விஷயம், இந்த மரணத்தைத் தடுப்பதற்கான வழி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஒரு பெரிய தொட்டி, நிறைய ஐஸ், தண்ணீர். சுருண்டு விழுந்தவரை உடனே கழுத்து வரை அதில் அமிழ்த்தி உடல் சூட்டைக் குறைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எல்லாம் அடுத்த வேலை. முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டைக் குறைத்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட உறுதி என்கிறார்கள் விளையாட்டு மருத்துவர்கள். மெக்நேரை அப்படித் தண்ணீரில் அமிழ்த்தவில்லை. ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பு எங்களுடையதே என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தலைமைக் கோச் டி.ஜே. டர்கின் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். அக்டோபர் 31-ல் வேலையும் போனது.

இப்போது அந்த டீமின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சீசன் தொடங்க மூன்று வாரம். கோச் இல்லை. கூட ஓடிய நண்பன் இல்லை. அதே மைதானத்தில், அதே வெயிலில் தினமும் பயிற்சி செய்தாக வேண்டும்.

2018 செப்டம்பர் 1. சீசனின் முதல் மேட்ச், எதிரணி டெக்ஸஸ். மேரிலாண்ட் வீரர்களின் ஹெல்மெட்டில் மெக்நேரின் எண் 79. பந்து முதன்முறை அவர்கள் கைக்கு வந்தபோது மைதானத்தில் வந்து நின்றது 10 பேர் மட்டும். மெக்நேர் நின்றிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கடிகாரம் ஓடி முடியும் வரை யாரும் அசையவில்லை. நேரம் கடத்தியதற்காக நடுவர் 5 கெஜ அபராதம் விதித்தார். அந்த அபராதம் எங்களுக்கு வேண்டாம் என்று டெக்ஸஸ் மறுத்துவிட்டது. பிறகு பதினோராவது ஆள் உள்ளே வந்தார், ஆட்டம் தொடங்கியது. மேரிலாண்ட் 34-29 என்று ஜெயித்தது.

இன்றைக்கு எந்த காலேஜ் பயிற்சி மைதானத்துக்குப் போனாலும் ஓரத்தில் ஐஸ் தொட்டி தயாராக இருக்க வேண்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மேரிலாண்ட் மாநிலத்தின் வீரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே மெக்நேரின் பெயரில் இருக்கிறது.

காசு கொடுத்து எதிரியைக் கூப்பிடுவது

சரி, முதல் ஹோம் மேட்ச்சில் யாரோடு ஆடுவது? இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது.

பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஹோம் மேட்ச் என்பது பொன் முட்டையிடும் வாத்து. டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு, நன்கொடையாளர்களுக்கான தனி இருக்கைகள் எல்லாம் ஒரே நாளில் கொட்டும். அதனால் 12 மேட்ச்சில் ஆறோ ஏழோ சொந்த மைதானத்தில் வேண்டும். சமமான இன்னொரு பெரிய டீமைக் கூப்பிட்டால், அடுத்த வருடம் நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்பார்கள். அதைத் தவிர்க்க எளிய வழி, ஒரு சின்னக் கல்லூரிக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கூப்பிடுவது. திரும்பிப் போக வேண்டியதில்லை. வந்தவர்கள் தோற்பார்கள், ரசிகர்கள் குஷியாவார்கள், சின்னக் கல்லூரி அந்தக் காசில் தன்னுடைய மற்ற விளையாட்டுகளையும் நடத்திக்கொள்ளும். ஒரு மாதிரி வாடகை எதிரி.

பெரும்பாலும் இந்தத் திட்டம் சரியாகவே நடக்கும். நடக்காத நாளில் வரலாறு ஆகிவிடும்.

2007 செப்டம்பர் 1. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முதல் ஹோம் மேட்ச். தேசிய தரவரிசையில் 5-வது இடம். ஸ்டேடியத்தில் 1,09,218 பேர். கூப்பிடப்பட்ட சின்னக் கல்லூரிக்கு 4 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1.6 கோடி ரூபாய். அந்தச் சின்னக் கல்லூரி வேறு யாருமில்லை, நம்ம பூன் ஊர் அப்பலாச்சியன் ஸ்டேட்தான்.

அவர்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்தது ஒரு படி கீழே உள்ள பிரிவில். ஆனால் அந்தப் பிரிவில் 2005, 2006 என்று அடுத்தடுத்து சாம்பியன்கள். மிச்சிகனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆட்டம் முடிய 26 வினாடி இருக்கும்போது பூன் டீம் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 34-32 என்று முன்னிலை. மிச்சிகன் பதிலுக்கு ஒரு ஃபீல்டு கோல் உதைத்தால் ஜெயித்துவிடலாம். உதைத்தார்கள். கோரி லின்ச் என்ற தடுப்பு வீரர் பாய்ந்து கையால் பந்தை மறித்துவிட்டார். முடிந்தது கதை.

தரவரிசையில் இருந்த ஒரு மேல்பிரிவு அணியைக் கீழ்ப்பிரிவு அணி வீழ்த்திய இந்தச் செய்தி நாடு முழுக்கத் தலைப்பானது. கீழ்ப்பிரிவு அணிக்கு அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் ஓட்டுப் போடவே வழி இல்லாமல் இருந்தது. இந்த மேட்ச்சுக்குப் பிறகு அந்த விதியை மாற்றினார்கள். பூனில் மாணவர்கள் ஆளே இல்லாத தங்கள் ஸ்டேடியத்துக்குள் புகுந்து, கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். மேட்ச் நடந்தது வேறு மாநிலத்தில் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை!

வாடகை எதிரியின் விலை அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போனது. 2022-ல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அதே அப்பலாச்சியன் ஸ்டேட்டைக் கூப்பிடக் கொடுத்த தொகை 15 லட்சம் டாலர், சுமார் 12 கோடி ரூபாய்.

இவ்வளவு காசு புழங்கும் இடத்தில் வியர்வை சிந்தும் பையனுக்கு என்ன கிடைத்தது? பல பத்தாண்டுகள் ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்குமிடம். அவ்வளவுதான். அதுவும் டீமில் 85 பேருக்கு மட்டும். தன் பெயரை, முகத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற உரிமை வந்ததே 2021 ஜூலை 1-ல்தான். பல்கலைக்கழகமே நேரடியாக வருமானத்தில் பங்கு தரலாம் என்பது அதைவிடப் புதுசு. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த வழக்குத் தீர்வின்படி, முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன்னுடைய எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். பெரிய கல்லூரிகளுக்கு இது கையைக் கடிக்காது. பூன் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்த உச்சவரம்பு எட்டாத உயரம். அங்கே நன்றாக ஆடும் பையனைப் பெரிய இடத்திலிருந்து கூப்பிட்டால் எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான் இப்போதைய தலைவலி.

என்.எஃப்.எல். கனவு? கல்லூரியில் ஆடி முடித்துத் தேர்வுக்குத் தகுதி பெறும் வீரர்களில் அங்கே போய்ச் சேர்பவர்கள் சுமார் 1.6 சதவீதம் என்பது என்.சி.ஏ.ஏ. சொல்லும் மதிப்பீடு. மற்ற எல்லோருக்கும் இந்தச் சனிக்கிழமைகள்தான் உச்சம்.

மறுபடி பூன், மதியம் 12 மணி

2022-ல் வடக்கு கரோலினா பூனுக்கு வந்தது வாடகைக்கு அல்ல. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட தொடரின் ஒரு பகுதி. 2019-ல் அவர்கள் ஊருக்கே போய் 34-31 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தது பூன் டீம். அந்தக் கணக்கு பாக்கி இருந்தது. எதிரணிக் கோச் மேக் பிரவுனுக்கு இந்த ஊர் புதிதும் இல்லை. 1983-ல் இதே அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு அவர்தான் தலைமைக் கோச்.

ஆனால் ஒரு விஷயத்தில் விருந்தாளிக்குத்தான் சாதகம். வடக்கு கரோலினா ஒரு வாரம் முன்னதாகவே, ஆகஸ்ட் 27 அன்று, ஒரு மேட்ச் ஆடி முடித்திருந்தது. முதல் மேட்ச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் ஒரு டீம் அதிகமாகத் தேறும் என்பது காலேஜ் கோச்சுகள் அடிக்கடி சொல்வது. பதற்றம், தவறான இடத்தில் நிற்பது, மூச்சு வாங்குவது எல்லாம் அவர்களுக்கு முடிந்துவிட்டது. பூன் பையன்களுக்கு இதுதான் முதல் நாள். எதிரணியின் புது வீடியோ கையில் இருந்தது மட்டும் இவர்களுக்கு லாபம்.

தொடக்கத்தில் பூன் அணி 21-7 என்று முன்னிலை. ஸ்டேடியம் அதிர்ந்தது. ஹோம் கூட்டத்துக்கு ஒரு வேலை உண்டு, அதை அவர்கள் சரியாகச் செய்வார்கள்: எதிரணி பந்தோடு நிற்கும்போது காது கிழியக் கத்த வேண்டும், குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கக் கூடாது. தம் டீம் பந்தை எடுத்ததும் கப்சிப். அன்று எதிரே நின்ற குவார்ட்டர்பேக் டிரேக் மே. முதன்மை குவார்ட்டர்பேக்காக அவருக்கு அது இரண்டாவது மேட்ச்தான். சத்தம் அவரை ரொம்பக் கலக்கியதாகத் தெரியவில்லை. (பின்னாளில் என்.எஃப்.எல். போய் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் ஆனவர் அவர்தான்.) மூன்றாவது கால்பகுதி முடியும்போது 41-21, வடக்கு கரோலினா முன்னிலை. அவ்வளவுதான், சிலர் கிளம்பலாமா என்று பார்க்கும் நேரம்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்புவது கஷ்டம். கடைசி 15 நிமிட ஆட்ட நேரத்தில் பூன் அணி 40 புள்ளிகள் எடுத்தது. ஒரே கால்பகுதியில்! எதிரணியும் சும்மா இல்லை, 22 எடுத்தது. 31 வினாடி மிச்சம் இருக்கையில் பூன் டச்டவுன் அடித்து 56-55.

இப்போது அந்த 1-ஆ 2-ஆ கேள்வி. பந்தை உதைத்தால் 1 புள்ளி, சமன், கூடுதல் நேரம். கோச் ஷான் கிளார்க் 2-க்குப் போகச் சொன்னார். ஜெயித்தால் இங்கேயே, இப்பவே. சக வீரர் தனியாக நின்றார். பிரைஸ் எறிந்த பந்து அவருக்குச் சிக்காமல் போனது.

முடியவில்லை இன்னும். பந்தை மீட்க பூன் அணி குட்டையாக உதைத்த பந்தை எதிரணி பிடித்து நேராக ஓடி டச்டவுன் அடித்துவிட்டது. 63-55. நியாயமாக அந்த வீரர் கோட்டைத் தாண்டாமல் கீழே விழுந்திருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும், உற்சாகத்தில் ஓடிவிட்டார். பந்து மறுபடி பூன் கையில். 9 வினாடி இருக்கும்போது மறுபடி டச்டவுன். 63-61. இந்த முறை வேறு வழியே இல்லை, 2 வேண்டும். பிரைஸ் பந்தோடு தானே ஓடினார். கோட்டுக்கு முன்னால் மடக்கிவிட்டார்கள்.

நாலு வாரப் பயிற்சியில் ஒரு டீம் இந்த 2 புள்ளிக்காகத் தனியாக சில திட்டங்களைத் தயாரித்து வைத்திருக்கும். சீசனில் அவை தேவைப்படாமலேகூடப் போகலாம். முதல் மேட்ச்சிலேயே, அரை நிமிட இடைவெளியில் இரண்டு முறை தேவைப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே பையன்கள் டெக்ஸஸ் போனார்கள். 12 கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு, தரவரிசையில் 6-வது இடத்தில் இருந்த ஏ அண்ட் எம் அணியை அவர்கள் ஊரிலேயே 17-14 என்று வீழ்த்திவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இ.எஸ்.பி.என். சேனலின் பிரபலமான காலை நிகழ்ச்சி ‘காலேஜ் கேம்டே’ பூனுக்கே வந்து இறங்கியது. அன்று டிராய் அணியோடு கடைசி வினாடியில் பிரைஸ் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு நீளமான பந்து, டச்டவுன், 32-28 வெற்றி. மூன்று வாரத்தில் ஒரு மலை ஊர் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சீசன் முடிவில் பூன் அணியின் கணக்கு 6 வெற்றி, 6 தோல்வி. 6 வெற்றி இருந்தால் சீசனுக்குப் பிந்தைய பவுல் மேட்ச்சுக்குத் தகுதி உண்டு. ஆனால் கீழ்ப்பிரிவு அணிகளுக்கு எதிரான வெற்றியில் ஒன்றுதான் கணக்கில் சேரும் என்பது விதி. பூன் தன் ஸ்டேடியத்துக்குக் கூப்பிட்டு ஜெயித்த இரண்டு அணிகள், சிட்டாடலும் ராபர்ட் மோரிஸும், கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டே ஆடிக்கொண்டிருந்த அதே பிரிவு. ஆகவே கணக்கில் வந்தது 5 வெற்றிதான். 2015-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் பவுல் மேட்ச் ஆடிவந்த அணி அந்த டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது. செப்டம்பர் 3 அன்று அந்த 3 கெஜத்தை ஒரு முறை தாண்டியிருந்தால் கணக்கு 7 வெற்றி என்று மாறியிருக்கலாம்.